ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளோடு ஓர் எழுத்தாளரையும் ஓர் ஓவியரையும் ஊன்றிப் பார்ப்பது எப்படி?

நூலகப் பொறுப்பாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் இந்தக் கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை வாரம் ஒரு நூலகப் பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்கள். அதை நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. கையில் அகப்பட்ட கதையைப் படித்துக் காட்டிவிட்டுக் குழந்தைகளை வகுப்புக்கு அனுப்பிவிடாமல், சில வாரங்களுக்கு ஒரே எழுத்தாளரின் புத்தகங்களையோ ஒரே ஓவியரின் புத்தகங்களையோ மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் எப்படி எழுதுகிறார், எப்படி வரைகிறார் என்று அவர்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

நான் பார்த்த பள்ளிகளில் ‘இம்மாத எழுத்தாளர்’ என்றால் சுவரில் ஒரு சார்ட் ஒட்டுவார்கள். அதில் படம், பிறந்த ஊர், பிறந்த தேதி, பெற்ற விருதுகள் ஆகியவை இருக்கும். குழந்தைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த எழுத்தாளரின் ஒரு பாட்டையாவது அந்த மாதத்தில் யாராவது வாய்விட்டுப் படித்தார்களா என்பது பல இடங்களில் ஐயமே. ஆறு வயதுக் குழந்தைக்குப் பிறந்த ஆண்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதும் தெளிவாகவில்லை.

எங்களிடம் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதிதான் உண்டு. ஒரு வகுப்பில் முப்பது குழந்தைகள். ஓவியர் பெயரே அச்சிடப்படாத பழைய புத்தகங்களும் நிறைய இருக்கின்றன. யாரிடமிருந்து தொடங்கலாம், ஒருவருக்கு எத்தனை வாரம் கொடுக்கலாம், வாழ்க்கை வரலாற்றை எந்த அளவில் சொல்லலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பள்ளி நூலகர், நியூ ஜெர்சி

வணக்கம் அம்மா. நான் இங்கே ஒரு தொடக்கப் பள்ளி நூலகத்தில் பணியாற்றுகிறேன். ஓர் எழுத்தாளரை நான்கைந்து வாரம் தொடர்ந்து பார்ப்பது இந்நாட்டுப் பள்ளிகளில் வெகுகாலமாக உள்ள வழக்கம். இங்கேயும் நீங்கள் சொல்லும் சார்ட் உண்டு, அதனால் விளையும் சலிப்பும் உண்டு. என் வழக்கத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

கிண்டர்கார்ட்டன், முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நான் பெரும்பாலும் எஸ்ரா ஜாக் கீட்ஸிடமிருந்து தொடங்குவேன். எழுத்தும் படமும் அவருடையவையே என்பதால் ‘இதைச் செய்தவர் ஒரு மனிதர்’ என்ற எண்ணம் எளிதில் பதிகிறது. முதல் வாரம் அவருடைய பெயரைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. 1962-இல் வெளிவந்த ‘தி ஸ்னோயி டே’ புத்தகத்தை ஒரு முறை முழுதாகப் படிப்பேன். பிறகு எழுத்தை விட்டுவிட்டுப் பக்கங்களை மட்டும் மெதுவாகப் புரட்டுவேன். பீட்டர் என்ற சிறுவன் சிவப்பு உடை அணிந்து பனியில் நடக்கிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், பிறகு பார்த்தால் அதைக் காணவில்லை. கதை அவ்வளவுதான். இரண்டாம் முறை புரட்டும்போது குழந்தைகள் படத்துக்குள் போய்விடுகிறார்கள். அம்மாவின் உடையில் உள்ள கட்டங்கள் வரையப்பட்டவை போல இல்லையே என்று யாராவது ஒருவர் சொல்வார். அலமாரித் தட்டுகளில் விரிக்கும் எண்ணெய்த்துணியை வெட்டி ஒட்டித்தான் கீட்ஸ் அந்த உடையைச் செய்தார். பனித்துகள்களுக்கு ரப்பரைச் செதுக்கி, வண்ணத்தில் தோய்த்து அச்சுக் குத்தினார். பீட்டர் உறங்கப் போகும் பக்கத்தின் சாம்பல் நிறப் பின்னணி, பல் துலக்கும் பிரஷ்ஷால் இந்தியா இங்க் என்ற கறுப்பு மையைத் தெளித்து உண்டாக்கியது. இவற்றை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. எப்படிச் செய்திருப்பார் என்று கேட்டு, அவர்களுடைய ஊகங்களையெல்லாம் பலகையில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த வாரம் ரப்பரும் பழைய பிரஷ்ஷும் கொண்டு வருவேன்.

இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் பீட்டர் வரும் மற்றப் புத்தகங்களைப் பார்ப்போம். ஒன்றில் அவன் சீழ்க்கையடிக்கக் கற்கிறான். 1967-இல் வந்த ஒன்றில் தங்கை பிறந்துவிட்டதால் அவனுடைய பழைய நாற்காலி பறிபோகிறது. இன்னொன்றில் பிறந்தநாளுக்கு ஒரு சிறுமியை அழைத்துக் கடிதம் எழுதுகிறான். ஆண்டுகள் போகப் போகப் பீட்டர் வளர்கிறான். அட்டைகளை வரிசையாகத் தரையில் வைத்து, எதில் பீட்டர் சிறியவன், எதில் பெரியவன் என்று அடுக்கச் சொன்னால், வாசிக்கத் தெரியாத குழந்தையும் படத்தைப் பார்த்து அடுக்கிவிடுகிறது. அந்த அடுக்குதலில் ஓர் எழுத்தாளரின் பத்தாண்டு வேலை அவர்கள் கண்முன்னே வந்துவிடுகிறது. நான்கு வெவ்வேறு எழுத்தாளர்களின் நான்கு நல்ல புத்தகங்களைப் படித்தால் இது கிடைக்காது.

வரலாறு கடைசி வாரத்தில்தான் வரும், அதுவும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடையாக. ‘அவர் இப்போது எங்கே இருக்கிறார்?’ என்பதுதான் ஏறக்குறைய எப்போதும் முதல் கேள்வி. அவர் 1983-இல் காலமாகிவிட்டார் என்று உள்ளபடி சொல்லிவிடுவேன். ‘அவருக்கு யார் வரையச் சொல்லிக் கொடுத்தார்கள்?’ என்று கேட்டால் அவருடைய தந்தையைப் பற்றிச் சொல்வேன். தந்தை நியூயார்க்கில் ஓர் உணவு விடுதிப் பணியாளர். ஓவியத்தால் பிழைக்க முடியாது என்று மகனிடம் வெளிப்படையாகக் கவலைப்பட்டவர். ஆனாலும் வண்ணக்குழாய்களை வாங்கி வந்து, பசித்த ஓவியர்கள் ஒரு கிண்ணம் சூப்புக்கு ஈடாகக் கொடுத்தவை என்று சொல்லிக் கொடுப்பாராம். இந்த ஒரு செய்தியைக் குழந்தைகள் மறப்பதே இல்லை. பிறந்த ஆண்டு 1916 என்பதைக் கேட்டவர்கள் இதுவரை மிகச் சிலரே.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், புதுக்கோட்டை

நல்ல முயற்சி, வாழ்த்துகள். நியூ ஜெர்சி நண்பர் சொன்ன முறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் ஐயத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

தஞ்சாவூர் மாவட்டத்துக் குழந்தை பனியில் நடக்கும் சிறுவனிடமிருந்து தொடங்க வேண்டுமா? எங்கள் மாவட்டத்து ராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதியவர், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர். அவருடைய மாம்பழப் பாட்டையும் லட்டுப் பாட்டையும் பாடாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. ஆனால் அவற்றைப் பாடும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அவை ஒருவரே எழுதியவை என்று தெரியும்? ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது. யாருடையது என்று தெரியாமலேயே பாட்டு வாயில் ஏறிவிட்டது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் வெள்ளைப் பசுப் பாட்டுக்கும் இதே நிலைமைதான்.

வாழ்க்கைக் குறிப்பை அடியோடு தள்ளிவிட வேண்டும் என்ற கருத்திலும் எனக்கு உடன்பாடில்லை. ஊர்ப் பெயர் குழந்தைக்கு முக்கியம். ‘நம் பக்கத்து ஊர்க்காரர் எழுதியது’ என்று சொன்னால் வகுப்பில் நிமிர்ந்து உட்காராத பிள்ளை கிடையாது. அந்தப் பெருமையை நாம் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தைகள் இருக்கிறார்கள். நூலகப் பாடவேளை அவர்களுக்கு வாசிப்புப் பயிற்சியாகவும் அமைய வேண்டும். படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தால் அந்த நேரம் கைநழுவிப் போய்விடாதா?

ஓவிய ஆசிரியர், மதுரை

ஐயா அவர்களின் முதல் கருத்து சரியானது. வள்ளியப்பாவின் பெயர் அவருடைய பாடல்களோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும். கடைசிக் கருத்தில் மட்டும் பணிவோடு மாறுபடுகிறேன். எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தை படத்தை மிக நுட்பமாகப் படிப்பதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். நூலகத்தில் அந்தக் குழந்தைக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று அதுவாகவே இருக்கும். அதிலிருந்து அது எழுத்துக்கு வரும்.

எழுத்தாளரைப் பற்றி நிறையப் பேசுகிறோம், ஓவியரை எல்லாரும் மறந்துவிடுகிறோம். படப் புத்தகத்தில் பாதிக்கு மேல் ஓவியரின் வேலை. ஆகவே ஒரு மாதத்தையாவது ஓவியருக்கென்றே ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பரிந்துரைப்பவர் பஜ்ஜு ஷியாம். மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் என்ற ஊரில் பிறந்த கோண்டுப் பழங்குடி ஓவியர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். போபாலில் இரவுக் காவலாளி உட்படப் பல வேலைகள் பார்த்த பிறகு, தம் உறவினர் ஜன்கட் சிங் ஷியாமிடம் ஓவியம் கற்றார். லண்டனில் ஓர் உணவு விடுதியின் சுவர்களுக்கு ஓவியம் தீட்ட அழைத்தார்கள். போனார், திரும்பி வந்து தாம் பார்த்த லண்டனை வரைந்தார். சென்னையிலுள்ள தாரா புக்ஸ் அதை 2004-இல் புத்தகமாக வெளியிட்டது. அதில் விமானம் இறக்கை கட்டிய யானையாக இருக்கிறது. தினமும் தம்மை ஏற்றிச் சென்ற பேருந்து ஒரு நல்ல நாயாக மாறியிருக்கிறது. பிக் பென் கடிகாரக் கோபுரத்தோடு சேவல் ஒன்று இணைந்து நிற்கிறது, ஏனென்றால் அவருடைய ஊரில் நேரம் சொல்வது சேவல்.

இந்தச் சேவல் படத்தை இரண்டாம் வகுப்பில் காட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்து பாருங்கள். கோபுரத்தின் வட்ட முகமும் சேவலின் கண்ணும் ஒன்றாக இருப்பதை முதலில் ஒரு குழந்தை கண்டுபிடிக்கும். பிறகு உடம்பு முழுவதும் நிரம்பியிருக்கும் சிறுசிறு கோடுகளுக்குப் போவார்கள். கோண்டு ஓவியர் ஒவ்வொருவரும் உருவங்களை நிரப்பத் தமக்கென்று ஒரு கோட்டு வகையை வைத்திருக்கிறார்கள்; அதுவே அவருடைய கையெழுத்து. 2006-இல் இதே பதிப்பகம் வெளியிட்ட மரங்களைப் பற்றிய புத்தகத்தில் பஜ்ஜு ஷியாமோடு துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோரின் ஓவியங்களும் இருக்கின்றன. கையால் செய்த கறுப்புத் தாளில், சென்னையில் கையாலேயே ஸ்கிரீன் அச்சு எடுத்த புத்தகம் அது. எந்த மரம் யாருடையது என்று அந்தக் கோடுகளை வைத்தே பிரிக்கச் சொல்லலாம். பெயர் பார்க்காமல் கையை அடையாளம் காணப் பழகிய குழந்தை, பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் யார் வரைந்தது என்று கேட்கும். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பசித்த புழுவின் கதையைப் படப் புத்தகமாகச் செய்த எரிக் கார்லின் மாதம் என்றால் பல பள்ளிகளில் பச்சை வட்டங்களை ஆசிரியரே வெட்டிக் கொடுத்து, எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரியான புழுவை ஒட்டிச் சுவரை நிரப்புகிறார்கள். அதில் கார்ல் எங்கேயும் இல்லை. வெள்ளைத் திசுத்தாளில் அவரே அக்ரிலிக் வண்ணம் பூசி, கோடு கீறி, புள்ளி வைத்து, காய்ந்த பிறகு வெட்டி ஒட்டினார். குழந்தைகளும் முதலில் தாளுக்கு வண்ணம் பூசட்டும். அந்த வாரம் எந்த உருவமும் வேண்டாம். அடுத்த வாரம் காய்ந்த தாள்களை நடுவில் குவித்து, யாருக்கு என்ன உயிரினம் தோன்றுகிறதோ அதை வெட்டட்டும். வெவ்வேறு மீன்களும் எருமைகளும் வரும்போதுதான் அவர்கள் கார்லின் வழியைக் கற்றிருக்கிறார்கள் என்று பொருள்.

எருமைக்கு நீலம் தீட்டிய குழந்தையைத் திருத்த வேண்டாம். கார்ல் அமெரிக்காவில் பிறந்து ஆறு வயதில் ஜெர்மனிக்குப் போனவர். அங்கே நாஜி ஆட்சி நவீன ஓவியங்களுக்குத் தடை விதித்திருந்தது. அவருடைய ஓவிய ஆசிரியர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, அந்தத் தடைசெய்யப்பட்ட ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை மறைவாகக் காட்டினார். பிரான்ஸ் மார்க் என்ற ஜெர்மானிய ஓவியர் வரைந்த நீலக் குதிரையை அவர் பார்த்தது அப்படித்தான். பல பத்தாண்டுகள் கழித்து, 2011-இல், நீலக் குதிரை தீட்டும் ஓவியரைப் பற்றியே ஒரு குழந்தைப் புத்தகம் செய்தார். ‘குதிரை நீலமாக இருக்குமா?’ என்று வகுப்பில் ஒருவர் கேட்கும் நாளில் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியை, யாழ்ப்பாணம்

வணக்கம். தஞ்சாவூர் ஆசிரியைக்கும் மற்றவர்களுக்கும் எங்கள் பாடசாலை அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். புதுக்கோட்டை ஐயா சொன்ன ஊர்ப் பெருமை எங்களுக்கு நன்கு பொருந்தும். அதே வேளை, அது எப்படி வகுப்புக்குள் வர வேண்டும் என்பதில் நியூ ஜெர்சி நூலகரின் பக்கமே நிற்பேன்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1878-இல் பிறந்து 1953-இல் மறைந்தவர். தங்கத் தாத்தா என்று எல்லோரும் அழைப்பார்கள். ஆடி மாதம் பிறக்கும் நாளான ஆடிப்பிறப்பு நெருங்கும் கிழமைகளில், அதாவது வாரங்களில், தரம் 2 பிள்ளைகளோடு அவருடைய பாடல்களைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ‘ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை’ என்று தொடங்கும் பாட்டு இங்கே வீட்டிலேயே பிள்ளைகளின் காதில் விழுந்திருக்கும். ஆகவே பாட்டைச் சொல்லிக் கொடுக்கும் வேலை எங்களுக்கு இல்லை. பாட்டுக்குள்ளே இருப்பதைப் பார்க்கச் சொல்கிறோம். பயற்றை வறுப்பது, அரிசி இடிப்பது, தேங்காய் துருவுவது, மாவைக் குழைப்பது என்று ஒரு சமையலின் வரிசை முழுவதும் அந்தப் பாட்டில் இருக்கிறது. அந்த வரிசையைப் படங்களாக வரைந்து நூல் கட்டித் தொங்கவிடுவோம். அம்மம்மா வேறு முறையில் செய்வார் என்று சில பிள்ளைகள் தகராறு செய்வார்கள். அந்தத் தகராறு எங்களுக்கு மிகவும் பயன்படுகிறது, ஏனென்றால் பாட்டை ஒருவர் தம் வீட்டையும் ஊரையும் பார்த்து எழுதினார் என்பது அப்போது பிள்ளைகளுக்குப் புரிகிறது.

அடுத்த கிழமை ‘கத்தரி வெருளி’. கத்தரித் தோட்டத்தில் பறவைகளை விரட்ட நிற்கும் வெருளிப் பொம்மையை உண்மையான காவல்காரனாக நினைத்துப் பேசும் பாட்டு அது. இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒருவரே எழுதினார் என்பதை எதை வைத்துச் சொல்லலாம் என்று கேட்போம். தரம் 2 பிள்ளைகளின் பதில்கள் எளியவை: இரண்டிலும் யாரையோ கூப்பிட்டுப் பேசுகிறார், இரண்டிலும் நம் வீட்டு வளவில் இருக்கும் பொருட்கள் வருகின்றன. முதலாவது பாட்டு தோழர்களை அழைக்கிறது, இரண்டாவது வெருளியை அழைக்கிறது. இதைவிடக் கூடுதலாக ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அதன் பிறகே புலவரின் படத்தைக் காட்டி, நவாலி எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம். வகுப்பில் அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் இருந்தால் அவர்தான் வழி சொல்ல வேண்டும். ஐயா சொன்ன நிமிர்ந்து உட்காரும் பிள்ளையை நானும் பார்த்திருக்கிறேன். பாட்டை அனுபவித்த பிறகு ஊரைச் சொன்னால் அந்தப் பிள்ளை இன்னும் நேராக நிமிரும்.

நூலகப் பொறுப்பாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

மூவருக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. வரலாறு எப்போது வர வேண்டும் என்பது எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது: குழந்தை கேட்ட பிறகு.

வள்ளியப்பாவின் பாடல்களையும் யாழ்ப்பாண ஆசிரியை சொன்ன வழியிலேயே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. லட்டுப் பாட்டில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, தட்டில் உள்ளதை எண்ணிப் பாதியை விட்டு எடுக்கிறார்கள். எந்தெந்தப் பாட்டில் எண்ணிக்கை வருகிறது, எதில் தின்பண்டம் வருகிறது, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு இசைந்து முடிகிறது என்று தேடச் சொல்லலாம். இசைந்து முடியும் சொற்களை அட்டைகளில் எழுதி வைத்தால் திணறும் குழந்தைகளுக்கு அதுவே வாசிப்புப் பயிற்சியாகிவிடும். ஐயாவின் கவலைக்கும் இது விடையாகுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மீதமுள்ள சிக்கல் புத்தகங்கள். தாரா வெளியீடுகளின் விலையை எங்கள் நூலக நிதி தாங்காது. ஒரே பிரதியை முப்பது குழந்தைகள் பார்ப்பது எப்படி? பழைய புத்தகங்களில் ஓவியர் யார் என்று தெரியாதபோது என்ன செய்வது?

பள்ளி நூலகர், நியூ ஜெர்சி

விலைக்கு ஒரு வழி உண்டு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் ஏராளமான படப் புத்தகங்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளலாம், திரையிலும் காட்டலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் என மூவரின் பெயரும் தனித்தனியாக இருக்கும். ஓர் ஓவியரின் பெயரைத் தொட்டால் அவர் வரைந்த மற்றப் புத்தகங்கள் வரிசையாக வரும். ராஜீவ் ஐப்பிடமிருந்து தொடங்கிப் பாருங்கள். பாட்டியும் பேரனும் எளிய இயந்திரங்களைக் கொண்டு தேங்காய் பர்ஃபி செய்யும் கதையை எழுதியும் வரைந்தும் இருப்பவர் அவரே. மற்றவர்கள் எழுதிய கதைகளுக்கும் நிறைய வரைந்திருக்கிறார். தம் கதைக்கு வரைவதற்கும் பிறர் கதைக்கு வரைவதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைகள் பார்க்க இது நல்ல வாய்ப்பு.

ஒரே பிரதி இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். எங்களிடமும் பெரும்பாலும் அப்படித்தான். எல்லாரும் தரையில் அரைவட்டமாக அமர, புத்தகத்தை ஆசிரியர் பக்கவாட்டில் பிடித்து மெதுவாகப் புரட்டுகிறார். பிறகு அந்த எழுத்தாளரின் நான்கைந்து புத்தகங்களையும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிய நிறுத்தி வைத்துவிட வேண்டும். மாதம் முழுவதும் அவை அங்கேயே இருக்கட்டும். நான்கு புத்தகங்களை நான்கு குழுக்கள் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

ஓவிய ஆசிரியர், மதுரை

சொற்களே இல்லாத ஒரு புத்தகத்தையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். துலிகா வெளியிட்ட, பிரியா குரியன் வரைந்த பாட்டியின் மூக்குக்கண்ணாடி பற்றிய புத்தகம் அத்தகையது. கண்ணாடியைத் தொலைத்த பாட்டிக்கு வீடு எப்படித் தெரிகிறது என்பதை முழுக்கப் படங்களே சொல்கின்றன. எழுத்தாளர் யார் என்று கேட்டால் குழந்தைகள் திகைக்கிறார்கள், பிறகு ‘வரைந்தவர்தான் எழுதியவர்’ என்று அவர்களே முடிவுக்கு வருகிறார்கள். ஓவியரும் கதை சொல்பவரே என்பதை நாம் எவ்வளவு விளக்கினாலும் இந்த அளவுக்குப் பதியாது.

ஓவியர் பெயர் இல்லாத பழைய புத்தகங்களையும் ஒதுக்க வேண்டாம். படத்தின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னாளில் பத்திரிகை ஓவியர்கள் பலர் படத்தின் மூலையில் சிறிதாகக் கையொப்பமிடுவார்கள். அதைத் தேடும் வேலையைக் குழந்தைகளிடமே கொடுக்கலாம். எங்கும் கிடைக்கவில்லை என்றால், வரைந்தவரின் பெயரைப் போட மறந்துவிட்டார்கள் என்பதையும் குழந்தைகளிடம் சொல்லுங்கள். அது அநியாயம் என்று ஏழு வயதுக் குழந்தை உடனே சொல்லும். என் மாணவர்கள் அதன் பிறகு தங்கள் படங்களில் பெயர் எழுத ஒருபோதும் மறப்பதில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், புதுக்கோட்டை

இசைந்து முடியும் சொற்களை அட்டைகளில் எழுதும் யோசனை எனக்கு முழு நிறைவு தருகிறது. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அட்டைகளை நீங்களே எழுதிக் கொடுக்காமல், கேட்ட சொற்களைக் குழந்தைகள் சொல்லச் சொல்ல அவர்கள் கண்முன்னே எழுதுங்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியை சொன்ன முறைப்படி ராயவரத்தைக் கடைசியில் சொல்வதற்கும் நான் உடன்படுகிறேன், சொல்லாமல் விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். வள்ளியப்பா பிறந்த நவம்பர் 7-ஐ ஒட்டி அந்த மாதத்தை அமைத்தால் நாளும் பொருத்தமாக இருக்கும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் போகும்போது வாண்டுமாமாவை மறந்துவிடக் கூடாது. எங்கள் மாவட்டத்து அரிமளத்துக்காரர். பெரியவர்களுக்குக் கௌசிகன் என்ற பெயரில் எழுதினார், குழந்தைகளுக்கு வாண்டுமாமா. ஒருவர் ஏன் இரண்டு பெயர் வைத்துக்கொண்டார் என்று அந்த வயதுப் பிள்ளைகள் நன்றாகவே விவாதிப்பார்கள்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியை, யாழ்ப்பாணம்

எத்தனை வாரம் என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. கிழமைக்கு ஒரு பாடவேளை என்றால் நான்கு கிழமைக்குக் குறையாமலும் ஆறுக்கு மேல் போகாமலும் வைத்திருப்பது எங்களுக்குச் சரிவந்தது. பிள்ளைகள் தாமாகவே ‘இது அவருடைய பாட்டுப் போல இருக்கிறது’ என்று வேறொரு பாட்டைக் காட்டத் தொடங்கினால், அடுத்தவருக்குப் போகலாம். அந்தப் பாட்டு உண்மையில் அவருடையதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டால் நல்ல உரையாடல் வரும். ஓராண்டில் நான்கு பேரைப் பார்த்தாலே நிறைவு. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று திட்டமிட்டால் மறுபடியும் சார்ட் ஒட்டும் நிலைக்குத்தான் வருவோம்.

நூலகப் பொறுப்பாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அப்படியே செய்கிறேன். முதலில் ராஜீவ் ஐப், பிறகு நவம்பரில் வள்ளியப்பா, பொங்கல் விடுமுறைக்குப் பின் பஜ்ஜு ஷியாம், ஆண்டு முடியும்போது கீட்ஸ். பஜ்ஜு ஷியாமின் லண்டன் புத்தகம் ஒன்றை மட்டுமாவது வாங்கித் தருவதாகப் பள்ளிச் செயலர் சொல்லியிருக்கிறார். பனியைப் பார்க்காத எங்கள் குழந்தைகளும் சட்டைப்பையில் வைத்த ஐஸ்கட்டி என்னவாகும் என்பதை அறிவார்கள், ஆகவே பீட்டரையும் விடப் போவதில்லை.

எங்கள் நூல் இருப்புப் பதிவேட்டில் ஆசிரியர் பெயருக்குக் கட்டம் இருக்கிறது, ஓவியருக்கு இல்லை. மதுரை ஆசிரியரின் பதிவைப் படித்த பிறகு படப் புத்தகங்களுக்கு மட்டுமாவது ஓவியர் பெயரை எங்கே எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தணிக்கைக்கு வரும் பதிவேடு என்பதால் புதிய கட்டம் கோட முடியாது.

பள்ளி நூலகர், நியூ ஜெர்சி

‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும், அதில் ‘ஓவியம்’ என்று தொடங்கிப் பெயரை எழுதிவிடுங்கள். அதைவிட முக்கியம், புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டும் சீட்டிலும் இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுவது. குழந்தைகள் பதிவேட்டைப் பார்க்க மாட்டார்கள், சீட்டைப் பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்பினரின் கையெழுத்து ஓரளவு திருந்தியிருந்தால், அந்தச் சீட்டுகளை எழுதும் வேலையை அவர்களிடமே விடலாம்.